கோடு போடச் சொன்னால்...

ஞாயிற்றுக்கிழமை காலை. நான்காவது இட்லிக்கு நியாயம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், எதிர்வீட்டுப் பெண் லேப்டாப்பும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். முகத்தில் அழுகைக்கு ஐந்து நிமிஷம் முந்தைய களை.

‘‘அண்ணா, உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமில்ல?’’

இந்தக் கேள்விக்குத் ‘தெரியாது’ என்று பதில் சொன்ன ஆண்பிள்ளை தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. ‘‘என்ன பிரச்னை, சொல்லும்மா’’ என்றேன். உள்ளேயிருந்து என் மனைவி ஒரு மாதிரி இருமினாள். (போன மாதம் நான் ‘சரி செய்த’ பிரிண்டர் இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.)

பெண் எம்.எஸ்சி. பிஸிக்ஸ், கடைசி செமஸ்டர். அப்பா பிள்ளையார்பாளையத்தில் பெரும்பாலான வீடுகளில் உள்ளதுபோல நெசவுக்காரர். குழித்தறி. முறைக்கு ஒன்றும் சொந்தமில்லை, மரியாதைக்கு நான் அவரைப் பெரியப்பா என்பேன். இவள் எடுத்திருக்கும் பிராஜெக்ட்டும் தறியிலிருந்து வந்ததுதான். பட்டு நூலில் ஏற்றிய அரக்குச் சாயம் வெயிலில் எவ்வளவு வெளுக்கிறது என்று அளப்பது. இரண்டு சாயக்காரர்களிடம் தோய்த்த நூல், மொட்டை மாடி வெயில், காலேஜ் லேபில் நிறம் அளக்கும் கருவி, ஒரு நோட்டு நிறைய எண்கள். எல்லாம் தயார். பாக்கி கிராஃப் மட்டும்தான்.

அந்த கிராஃபைக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தின் குறுக்கே, கல்யாண மண்டபத்துக்கு முன்னால் கட்டிய பேனர் மாதிரி ‘சோதனைப் பதிப்பு’ என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் கொட்டை எழுத்து. முப்பது நாள் ஓசி முடிந்துவிட்டதாம். இனிமேல் காசு கட்டினால்தான் எழுத்து போகும். வருஷாவருஷம் கட்ட வேண்டும். அந்தத் தொகையைச் சொன்னாள். இட்லி தொண்டையில் நின்றது.

‘‘ஃபிரெண்டு பென் டிரைவ்ல திருட்டுக் காப்பி இருக்குதுண்ணா. போட்டுத் தரேங்கறா. ஆனா வைவாவுக்கு வெளியிலேர்ந்து வர்றவர் எந்த சாஃப்ட்வேர்னு கேப்பாராம். பொய் சொல்லணும். எனக்குப் பொய் சொன்னா காது செவந்துடும்.’’

அந்தக் காதைப் பார்த்தேன். இப்போதே லேசாகச் சிவந்துதான் இருந்தது.

*

நான் பி.காம். எனக்குத் தெரிந்த கிராஃப் எல்லாம் ஆபீஸ் கிராஃப். எக்ஸெல்லில் இரண்டு தட்டு தட்டினால் விழுகிற கலர் கலர் கம்பங்கள். அதற்குமேல் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, சென்னையில் ஆராய்ச்சி செய்யும் பழைய கிளாஸ்மேட்டுக்கு போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி: ‘‘லேப்டாப் எப்படி?’’

லேப்டாப், அவள் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் புண்ணியம். மூடியைத் திறந்தால் முனகும்.

‘‘போதும். க்னூபிளாட் போடு. காசும் வேண்டாம், பொய்யும் வேண்டாம்.’’

இறக்கினோம். திறந்தால் பட்டன் இல்லை, படம் இல்லை. வெறும் ஜன்னல், அதில் ஒரு கர்ஸர் கண் சிமிட்டுகிறது. என்ன செய்ய வேண்டும்? எழுத வேண்டும். ‘பிளாட் சைன் எக்ஸ்’ என்று இங்கிலீஷில் தட்டி எண்டர் அடித்ததும் மகாபலிபுரத்துக் கடல் மாதிரி ஓர் அலை எழும்பி வந்தது. ‘‘ஐ!’’ என்றாள். நானும் மனசுக்குள் ‘ஐ’ என்றுதான் சொல்லிக்கொண்டேன். வயசு காரணமாக வெளியே சொல்லவில்லை.

‘கோடு போட்டால் ரோடு போடுவான்’ என்று கெட்டிக்காரப் பையன்களைச் சொல்வார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் எழுதும் கட்டளைக்கும் ‘கோடு’ என்றுதான் பெயர். இங்கே கோடு எழுதினால் கோடு விழுகிறது. தமிழுக்கு இப்படி ஒரு சௌகரியம் இருப்பது இங்கிலீஷ்காரனுக்குத் தெரியாது.

க்னூபிளாட் பிறந்தது 1986-ல். தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்று இரண்டு அமெரிக்க மாணவர்கள். ஒருவர் டிஃபரன்ஷியல் சமன்பாடும் இன்னொருவர் மின்காந்தவியலும் படித்துக்கொண்டிருந்தார்கள். பாடம் மண்டையில் ஏறவில்லை. படமாகப் பார்த்தால் ஏறும் என்று நினைத்தார்கள். தாங்களே ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டார்கள். நாமாக இருந்தால் கோனார் நோட்ஸ் வாங்கியிருப்போம்.

பெயர் வைத்த கதை அதைவிட ருசி. ஒருவர் ‘லாமாபிளாட்’ என்றார், மற்றவர் ‘என்பிளாட்’ என்றார். சண்டை சமரசமாகி ‘நியூபிளாட்’ என்று முடிவாயிற்று. பார்த்தால் அதே பெயரில் அவர்கள் கல்லூரியிலேயே இன்னொரு புரோகிராம் இருக்கிறது. அதுவும் படு மோசமான புரோகிராம். சரி, ஒலி அப்படியே இருக்கட்டும், எழுத்தை மட்டும் மாற்றுவோம் என்று ‘க்னூ’ போட்டார்கள். ஆப்பிரிக்காவில் மேயும் ஒரு மிருகத்தின் பெயர் அது, உச்சரித்தால் ‘நூ’. ‘க்னூ’ என்ற பெயரில் இலவச மென்பொருள் இயக்கம் ஒன்று புகழ்பெற்றிருக்கிறதே, அதற்கும் இதற்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது. மாணவர்கள் போட்ட பிள்ளையார் சுழி இன்னும் அழியவில்லை; 2023 கடைசியில் ஆறாம் பதிப்பு வந்தது.

*

‘ஓசியில் கொடுக்கிறான் என்றால் ஏதோ கோளாறு’ என்று நினைப்பது நம் ரத்தத்தில் ஊறியது. மிக்ஸி முதல் ஃபேன் வரை வாங்கிப் பார்த்தவர்கள் நாம். அதனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி சாப்பிட்டிருப்பீர்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மாவில் சுக்கு, மிளகு, சீரகம் சேர்த்து மணிக்கணக்கில் வேக வைப்பது. ஒரு துண்டைப் பிரசாதமாகத் தந்தால் அது இலவசம். ‘இந்தா பக்குவம், இந்தா அளவு, வீட்டில் செய்து பார், உன் ஊருக்குத் தகுந்த மாதிரி மிளகைக் கூட்டிக்கொள், அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடு’ என்றால் அதுதான் ஓப்பன் சோர்ஸ். முதலாவதில் ஒருவேளைப் பசி தீரும். இரண்டாவதில் தெருவே சமைக்கக் கற்றுக்கொள்ளும்.

உலகத்தில் இன்றைக்கு ஏராளமானோர் கிராஃப் போடுகிற ‘மேட்பிளாட்லிப்’ என்பதன் பிறப்பும் ஒரு பற்றாக்குறையில்தான். அதை எழுதியவர் ஜான் ஹன்டர். சிகாகோவில் காக்காய் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அவர்கள் லேபில் ஒரு விலையுயர்ந்த மென்பொருள் இருந்தது. உரிமம் ஒன்றே ஒன்று. அதற்கு அடையாளமாக ‘டாங்கிள்’ என்று விரல் நீளத்துக்கு ஒரு சாவி. அதைச் செருகினால்தான் வேலை செய்யும். பேராசிரியர், டாக்டர், மாணவர் எல்லாரும் அந்த ஒரே சாவியைக் கைமாற்றிக் கைமாற்றி, பேச்சிலர் ரூமில் இருக்கும் ஒரே அயர்ன் பாக்ஸ் மாதிரி உபயோகித்தார்கள்.

ஹன்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, யார் வேண்டுமானாலும் உபயோகிக்கிற மாதிரி ஒன்றை பைத்தான் மொழியில் தானே எழுத ஆரம்பித்தார். 2003-ல் உலகத்துக்குக் கொடுத்தார். 2008-ல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் இறங்கியபோது விஞ்ஞானிகள் பார்த்த படங்களில் அவருடைய மென்பொருளுக்குப் பங்கு உண்டு. 2019-ல் கருந்துளையின் முதல் படம் என்று எல்லாப் பேப்பரிலும் ஆரஞ்சு நிறத்தில் உளுந்து வடை மாதிரி ஒன்று வந்ததே, அந்த வேலையிலும் உண்டு. பார்க்க ஹன்டர் இல்லை. 2012 ஆகஸ்டில், புற்றுநோய் சிகிச்சையின் சிக்கல்களால், 44 வயதில் இறந்துபோனார்.

‘‘வெள்ளைக்காரன்தான் இதெல்லாம் செய்வானா?’’ என்று உங்களில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பொறுங்கள். முப்பரிமாணத்தில், காற்றும் திரவமும் சுழன்று ஓடுவதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி படம் போடும் மென்பொருள் ஒன்று உண்டு. பெயரைக் கேட்டால் எழுந்து உட்காருவீர்கள். ‘மாயாவி’! இரும்புக்கை மாயாவி காமிக்ஸை இன்னும் பரணில் பத்திரப்படுத்தியிருக்கும் சித்தப்பாக்கள் கவனிக்க. இதை எழுதியவர் பிரபு ராமச்சந்திரன். சென்னை ஐ.ஐ.டி.யில் விமானப் பொறியியல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 2000-களின் தொடக்கத்தில், கிண்டி மான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தது. பிறகு பிரெஞ்சுக்காரரான கேல் வரோக்கோ போன்றவர்கள் கை கொடுக்க, உலகம் முழுவதும் பரவியது. பிரபு பின்னாளில் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். அங்கே ‘ஃபாஸி’ என்று ஒரு திட்டம், மத்திய கல்வி அமைச்சகத்தின் பணத்தில். கல்லூரிகளில் திருட்டுக் காப்பியும் தேவையில்லை, கொள்ளைக் காசும் தேவையில்லை, ஓப்பன் சோர்ஸே போதும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அதன் வேலை. கூடவே ‘ஸ்போக்கன் டுடோரியல்’ என்று பத்துப் பத்து நிமிஷப் பாடங்கள். தமிழிலும் பேசுகின்றன. எதிர்வீட்டுப் பெண் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, ‘‘எங்க சார் ஒரு செமஸ்டர் எடுத்ததை இவங்க ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சுட்டாங்க’’ என்றாள்.

*

இரண்டே நாளில் அவள் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

‘‘அண்ணா, மவுஸ்ல அங்க இங்க தட்டிப் போட்டா, நாளைக்கு ‘எப்படிப் போட்டே’ன்னு கேட்டா எனக்கே ஞாபகம் இருக்காது. இதுல நான் என்ன பண்ணினேங்கறது பத்து வரியில எழுதி இருக்கு. ஒரு நாள் அளவு தப்புன்னா அந்த எண்ணை மட்டும் மாத்திட்டுத் திரும்ப ஓட்டினா போதும். என்னை நம்பாதவங்க அவங்களே ஓட்டிப் பாத்துக்கலாம்.’’

ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர்களே, இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கோடிடுங்கள். உங்கள் மேனேஜர் போன வருஷம் காட்டிய கிராஃபை ‘எப்படி சார் போட்டீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். (இன்க்ரிமென்ட் வந்த பிறகு கேட்பது நல்லது.)

கிராஃப் தயாரானது. கீழே வெயில் மணிக்கணக்கு, பக்கவாட்டில் மிச்சமிருக்கும் நிறம் சதவீதத்தில். நாற்பது மணி நேர வெயிலுக்குப் பிறகு முதல் சாயக்காரரின் அரக்கு 96-ல் நின்றது. இரண்டாமவருடையது 91. சிவப்புக் கோடு மேலே ஜம்மென்று போக, பச்சைக் கோடு மலையிலிருந்து குதித்த மாதிரி அடிமட்டத்துக்கு வந்து விழுந்தது. ‘‘பிரமாதம்! பார்த்தவுடனே வித்தியாசம் தெரியுது’’ என்று நான் கை தட்டினேன்.

காந்தி ரோடு பக்கம் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்தோம். வந்து பார்த்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். எது யார் கோடு என்றே தெரியவில்லை. இது எங்களுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத கண் உள்ளவர்கள் நிறையப் பேர், அதுவும் ஆண்களில்தான் அதிகம். அதனால்தான் மேட்பிளாட்லிப்காரர்கள், அளவுகளை நிறத்தில் காட்ட அதுவரை கொடுத்துவந்த வானவில் வரிசையை 2017-ல் மாற்றி, ‘விரிடிஸ்’ என்று ஒரு வரிசையைக் கொண்டுவந்தார்கள். கரும் ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளில் முடியும். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரைக்கும் ஒழுங்காகப் படி ஏறும். எங்கள் பெண் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒரு கோட்டில் வட்டப் புள்ளி, இன்னொன்றில் முக்கோணம். தீர்ந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் ஓடினோம். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். மேலே ஜக்கார்டு பெட்டி, மாலை கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஓட்டை போட்ட அட்டைகள்.

தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். முதல் கேள்வி:

‘‘ஒரு கட்டம் எவ்ளோ?’’

நானும் அவளும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டோம்.

‘‘ஒரு கட்டம் ரெண்டு சதவீதம்ப்பா.’’

விரலால் எண்ணினார். ‘‘அஞ்சு கட்டம்தானே இருக்குது. பத்துதான் ஆச்சு. மீதி தொண்ணூறு எங்கே? அடியைக் காணோமே?’’

*

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கிராஃப் தாள் பெரியப்பாவுக்குப் புதுசில்லை. மயில், யாளி, அன்னம் எதுவானாலும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் டிசைன் எழுதுவார்கள். நீளவாக்கில் ஒரு வரிசை என்றால் ஒரு பாவு இழை. குறுக்கே ஒரு வரிசை என்றால் ஊடையில் ஒரு ஓட்டம். நிரப்பிய கட்டம், நிரப்பாத கட்டம். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். ஓட்டை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. இப்போது டிசைனைக் கம்ப்யூட்டரிலேயே போடுகிறார்கள் என்றாலும் கணக்கு அதேதான். ஒரு கட்டம் தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணும். அந்தப் புடவையை யாரும் வாங்க மாட்டார்கள்.

இந்த அட்டை சமாசாரம் 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு செய்தது. லண்டனில் சார்லஸ் பாபேஜ் அதைப் பார்த்துத்தான், கணக்குப் போடும் இயந்திரத்துக்கும் அட்டையால் கட்டளை கொடுக்கலாம் என்று யோசித்தார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்த படம் ஒன்று, சுமார் 24,000 அட்டைகளில் நெய்தது, பாபேஜிடம் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுவாராம். ஆக, கம்ப்யூட்டருக்கே தறி ஒருவகையில் தாய்வீடு. தாய்வீட்டு ஆள் கேள்வி கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

சொன்னோம். க்னூபிளாட் தானாகவே, எண்கள் எங்கே இருக்கின்றனவோ அந்த இடத்தை மட்டும் பெரிதாகக் காட்டும். 90-க்குக் கீழே எண்ணே இல்லை என்பதால் 90-லிருந்து 100 வரை மட்டும் போட்டுவிட்டது. மெஷின் பொய் சொல்லவில்லை. ஓரத்தில் 90 என்று எழுதித்தான் இருந்தது. யார் ஓரத்தைப் பார்க்கிறார்கள்?

‘‘அந்த ரெண்டாவது சாயக்காரரு எனக்கு முப்பது வருசப் பழக்கம்’’ என்றார் பெரியப்பா. ‘‘நாற்பது மணி வெயில்ல போட்டும் நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு நிக்குது. அது ஒண்ணும் கேவலம் இல்ல. உன் படத்துல அவரு சாயம் தரையோட போயிட்டா மாதிரி இருக்குது. இந்தப் படம் நாலு பேரு கைக்குப் போச்சுன்னா அவரு பட்டறையை மூட வேண்டியதுதான். அவரு வித்தியாசத்தை மறைன்னு நான் சொல்லல. இருக்கிறதை இருக்கிற அளவுக்குக் காட்டு.’’

பெண்ணின் காது சிவந்துவிட்டது. பொய் சொல்லாமலே.

எனக்கு நெஞ்சு சிவந்தது. அதற்குக் காரணம் வேறு.

*

பத்து வருஷத்துக்கு முன்பு ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். இப்போது இல்லை. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வழவழ நோட்டீஸில் ‘எங்கள் வளர்ச்சி’ என்று ஒரு படம் வேண்டும் என்றார் மேலதிகாரி. டெபாசிட் மூன்று வருஷத்தில் 92 லட்சம், 94 லட்சம், 97 லட்சம். உள்ளபடி கம்பம் வரைந்தால் மூன்றும் இரட்டைப் பிள்ளை மாதிரி ஒரே உயரம். ‘‘என்னய்யா இது, பாராக்காரன் வரிசை மாதிரி நிக்குது?’’ என்றார். நான் புத்திசாலி இல்லையா? அடியை 90-ல் வெட்டினேன். இப்போது கம்பங்களின் உயரம் 2, 4, 7. முதல் வருஷத்தைவிட மூன்றாம் வருஷம் மூன்றரை மடங்கு! நிஜத்தில் சுமார் ஐந்தரை சதவீதம். ‘‘சபாஷ்’’ என்று முதுகில் தட்டினார்கள்.

அந்த நோட்டீஸை செய்யாறு அத்தையும் பார்த்தாள். ‘‘நீ போட்ட படமாடா?’’ என்று பெருமையாகக் கேட்டாள். மாமா ரிட்டயரான பணத்தில் இரண்டு லட்சத்தைக் கொண்டுவந்து கட்டினாள். கம்பெனி மூடியபோது பாதிதான் திரும்பி வந்தது. அத்தை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. தீபாவளிக்குப் போனால் இன்னமும் எனக்கென்று தனியாக அதிரசம் எடுத்து வைக்கிறாள்.

வணிகத்துக்கும் கிராஃபுக்கும் பழைய பந்தம். நாம் இன்று போடும் கோட்டுப் படம், கம்பப் படம் இரண்டையும் புத்தகத்தில் முதலில் அச்சிட்டவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். 1786-ல். நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தவர். போட்டதில் பெரும்பாலானவை ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கு. தோசையைத் துண்டு போட்ட மாதிரியான வட்டப் படமும் அவருடையதுதான், 1801-ல். ஆனால் கைக்கணக்கு சுத்தமில்லாத மனிதர். பல வில்லங்க வியாபாரங்களில் மாட்டி, கடைசியில் 1823-ல் வறுமையில் செத்தார். கிராஃப் கண்டுபிடித்தவருக்கே யோக்கியம் தேவைப்பட்டிருக்கிறது. மென்பொருள் எதுவும் அதைச் சேர்த்துக் கொடுப்பதில்லை.

என் பாவத்துக்குப் பிராயச்சித்தமாக இரண்டு விதிகள் சொல்கிறேன், ஆபீஸ் டிராயரில் ஒட்டிக்கொள்ளுங்கள். கம்பம் போட்டால் சைபரிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் கண் கம்பத்தின் நீளத்தைத்தான் அளக்கிறது. காலை வெட்டினால் நீளமே பொய். கோட்டுப் படத்தில் சில சமயம் அடியை வெட்டலாம். காய்ச்சல் சார்ட்டை யாரும் சைபர் டிகிரியிலிருந்து போடுவதில்லை. ஆனால் வெட்டியிருப்பதைப் பெரிதாக எழுதிச் சொல்லிவிட வேண்டும். யாராவது உங்களிடம் கிராஃபை நீட்டினால், பெரியப்பா மாதிரி ஒரே கேள்வி கேளுங்கள்: ‘‘ஒரு கட்டம் எவ்ளோ?’’

*

அன்று ராத்திரியே பெண் ஒரு வரி சேர்த்தாள். ‘ஒய் அச்சு சைபர் முதல் நூறு வரை’ என்று சொல்கிற வரி. திரும்ப ஓட்டினாள். இரண்டு கோடுகளும் உச்சியில் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்து போய், கடைசியில் லேசாகப் பிரிந்தன. பக்கத்தில் சின்னதாக இன்னொரு படம், ‘90-க்கு மேல் மட்டும் பெரிதாக்கியது’ என்று எழுதி. வித்தியாசமும் தெரிந்தது, அளவும் தெரிந்தது.

அப்பாவுக்காகத் தமிழில் ஒரு பிரதி வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சிநேகிதியின் மேட்பிளாட்லிப்பில் ‘நெசவு’ என்று தலைப்புக் கொடுத்தால், ஒற்றைக் கொம்பு ‘ந’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்கார்ந்து ‘நசெவு’ என்று வந்து நின்றது. கொம்பு எழுத்தில் பின்னால் வந்தாலும் கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்ற நம்மூர் வழக்கம் அதற்கு ரொம்ப நாளாகப் பிடிபடாத விஷயம். க்னூபிளாட்டில் எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரிந்த ‘கெய்ரோ’ என்ற வழியில் படம் எடுத்தால் ‘நெசவு’ நெசவாகவே வந்தது. சரி செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மூடிய பெட்டி என்றால் கம்பெனிக்காரன் மனசு வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இது திறந்த பெட்டி. கம்ப்யூட்டர் படிக்கும் தம்பிகளே, சும்மா இருக்கும் சனி, ஞாயிறுகளில் கொஞ்சம் கை வைத்துப் பாருங்களேன்.

வைவா முடிந்து வந்தாள். வெளியூர்ப் பேராசிரியர் ‘எந்த சாஃப்ட்வேர்?’ என்று கேட்டாராம். சொன்னாளாம். கடைசிப் பக்கத்தில் பத்து வரியையும் அச்சிட்டிருந்ததைக் காட்டினாளாம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘அச்சை ஏன் சைபரிலிருந்து போட்டாய்?’ என்று மட்டும் கேட்டாராம்.

‘‘என்ன சொன்னே?’’

‘‘எங்கப்பா சொன்னாருன்னு சொன்னேன்.’’

தமிழ்ப் பிரதி இப்போது தறிக்கு எதிரே சுவரில், சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. இரண்டாவது சாயக்காரர் வந்து பார்த்துவிட்டு, ‘‘அந்த அஞ்சையும் பிடிக்க என்ன பண்ணலாம், கேட்டுச் சொல்லும்மா’’ என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நானும் ஒரு வேலை செய்தேன். பழைய 92, 94, 97-ஐ க்னூபிளாட்டில் சைபரிலிருந்து கம்பமாகப் போட்டு, பிரிண்ட் எடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செய்யாறு பஸ் ஏறினேன். அத்தை அதிரசம் எடுக்க உள்ளே போகுமுன் தாளை நீட்டி, விஷயத்தைச் சொன்னேன்.

அத்தை ரொம்ப நேரம் அந்த மூன்று கம்பங்களையும் பார்த்தாள். கோபப்படவில்லை. தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

‘‘இதை அன்னிக்கே காட்டியிருக்கலாமேடா’’ என்றாள்.